காக்காய்க்கு வைத்த சோறு

ஆடி அமாவாசை, இரவு. கனடா, மலை ஏரிக்கரை.

அவர் போன பிறகு வரும் முதல் ஆடி அமாவாசை. சுற்றுலா வந்த நாங்கள் தங்கியிருக்கும், படுக்கையும் அடுப்பும் உள்ள வீட்டு வண்டிக்குப் பின்னால், மத்தியானம் ஒரு தட்டில் சோறும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்துக் காக்காயைக் கூப்பிட்டேன். ஒன்றுகூட வரவில்லை. பிறகு வரும் என்று விட்டுவிட்டேன்.

இருட்டியதும் கரடி வந்தது. மகன் கதவைப் பூட்டினான்.

"வெளிய சோறு வைக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லாம்மா."

"அப்பாவுக்குத்தானய்யா வச்சேன்."

"அப்பாவா வந்திருக்காவ? அங்கன பாரு."

தட்டு காலி. மகன் ஹாரன் அடித்தான். பேத்தி எழுந்து அழுகிறாள். கரடி போகவில்லை. அது உரச உரச வண்டி ஆடுகிறது. நான் மூலையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

சாப்பிட்டாச்சுல்லா, போயிருங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கரடியை யாராவது போங்க என்பார்களா.