லாச்சிக்குள் நாலு கோடு

திங்கள், 9

விடியற்காலையிலிருந்து மழை. தம்போய் சாலை ஓரம் மோட்டாரை நிறுத்தி மழைக்கோட்டு போடுவதற்குள் பாதி நனைந்தாயிற்று. கடைக்கு எட்டு நிமிடம் தாமதம். ரவின் கடிகாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. மேற்பார்வையாளர் ஆனதும் இதைத்தான் முதலில் கற்றுக்கொண்டான்.

புதுப் போன் மாடல் வந்து மூன்றாவது வாரம். விற்கும் பக்கம் பலூன், பாட்டு. திருப்பிக்கொடுக்கும் பக்கம் நான். போன வாரம் வரை நானும் பலூன் பக்கம்தான். புகார் கூடியதும் இங்கே தள்ளிவிட்டார்கள்.

இன்றைய புகார்கள்:
– வீட்டுக்குள் லைன் இல்லை.
– காரில் லைன் இல்லை.
– வலது கையில் பிடித்தால் இருக்கிறது, இடது கைக்கு மாற்றினால் போகிறது. (உண்மை. என் கண்ணால் பார்த்தேன்.)
– மாமியார் கூப்பிட்டால் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. (சிரிக்க வைத்துவிட்டுப் போனார். அவருக்கும் மாற்றித் தரவில்லை.)

சோதனை என்று நாங்கள் செய்வது: கவுண்டரில் வைத்துக் கடை நம்பருக்கு ஒரு கால். திரையில் மூன்று கோடு இருந்தால் பாஸ். பாரத்தில் 'குறை காணப்படவில்லை' என்று முத்திரை. முடிந்தது.

என் தலைக்கு மேலே, கூரைப் பலகைக்குப் பின்னால், லைனைக் கூட்டிக்கொடுக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது. பேரங்காடிக்காரன் வைத்தது. அதன் கீழே செங்கல்லை வைத்தாலும் நாலு கோடு காட்டும். கடையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை.

மூன்று மணிக்கு ஒரு அக்கா. பெயர் கமலா. சீனாய் தொழிற்சாலையில் துப்புரவு வேலை, வீடு கூலாய்க்கு உள்ளே, செம்பனைத் தோட்டத்து ஓரம். ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். முகம் தெரிந்த முகம். போன வியாழன் அந்தப் போனை அவருக்கு விற்றது நான்தான். 'லைன் சூப்பரா இருக்கும்கா' என்று சொன்னதும் நான்தான்.

'தம்பி, வீட்டுல ஒரு கோடுகூட இல்ல தம்பி. ரோட்டு முனை பஸ் ஸ்டாப்புல மட்டும் ரெண்டு கோடு வருது. போனும் கையுமா அவரு தினம் அங்கதான் நாற்காலி போட்டு உக்காந்துக்கிறாரு.'

'யாருக்கா?'

'என் வீட்டுக்காரரு. கிட்னி போயிடுச்சு. ரத்தம் கழுவுறதுக்கு சென்டர்ல எடம் கேட்டு எழுதிப் போட்டிருக்கோம். எடம் வந்தா போன் பண்ணுவாங்க. எடுக்கலேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும். பழைய போன் செத்துப்போனதாலதான் இத வாங்குனேன்.'

இலவச சென்டர். எட்டு மாதமாகக் காத்திருப்பு. இப்போது பட்டியலில் மூன்றாவது பெயர். தனியாரிடம் வாரம் மூன்று முறை போக வேண்டியவர், கட்ட முடியாமல் இரண்டு முறை போகிறார். 'அவரு கால் பாரு தம்பி, பூசணிக்கா மாதிரி' என்று படம் காட்டினார். அந்தப் போனிலேயே.

கடை நம்பருக்குக் கால் போட்டுப் பார்த்தேன். நாலு கோடு. முத்திரை குத்தினேன். அக்கா திரையை எட்டிப் பார்த்து, 'இங்க நல்லாத்தான் இருக்கு' என்றார், ஏதோ தானே தப்பு செய்த மாதிரி.


செவ்வாய், 10

வெயில். புழுக்கம். காலையில் ரவின் கடைக் குழுவில் செய்தி போட்டான். சொல்ல வேண்டியவை:
1. 'செட்டிங்ஸ் மாத்திப் பாருங்க.'
2. 'கவர் போடாதீங்க.'
3. கவர் இல்லாமல் வந்தால், 'கவர் போடுங்க.'
4. 'உங்க ஏரியா லைன் அப்படி.'
சொல்லக் கூடாதது: 'நிறைய பேர் இப்படித்தான் சொல்றாங்க.'

பதினொரு மணிக்கு ஒரு ஆள். சிங்கப்பூரில் வேலை. நல்ல சட்டை, நல்ல ஆங்கிலம். மேசையைத் தட்டினான். நான் கால் போட்டு நாலு கோடு காட்டினேன். அவன் தன் இன்னொரு போனை எடுத்து என் முகத்தை வீடியோ எடுக்க ஆரம்பித்தான். அவ்வளவுதான், ரவின் ஓடி வந்தான். சார் உக்காருங்க. சார் தண்ணி. பத்து நிமிடத்தில் முழுப் பணமும் திரும்பப் போயிற்று. சோதனை இல்லை, முத்திரை இல்லை.

அவன் போனதும் கேட்டேன். 'நேத்து வந்த அக்காவுக்கும் இதே பிரச்சினைதானே?'

ரவின்: 'அவங்க வீடியோ எடுத்தாங்களா?'

'இல்ல.'

'அப்புறம் என்னடா?'

கத்தத் தெரிந்தவனுக்குக் காசு. காத்திருக்கத் தெரிந்தவளுக்கு முத்திரை. ரவினின் அப்பாவும் தோட்டத்து ஆள்தான். அதை ஞாபகப்படுத்தலாம் என்று வாய் வரை வந்தது. வேலை வேண்டும். விழுங்கிவிட்டேன்.

பசியாறவே மறந்துபோய், நாலு மணிக்கு ஒரு ரொட்டி.


புதன், 11

சாயங்காலம் இடி. மழை வரவில்லை.

கமலா அக்கா மூன்று மணிக்கு வந்தார், தொழிற்சாலைச் சீருடையோடு. அரை நாள் லீவு, சம்பளம் வெட்டு. வாங்கி ஏழாவது நாள். இன்றைக்குள் புகார் பதிவானால்தான் மாற்ற வழி.

இரண்டாவது தடவை வந்தால் வேறு விதி. போனை ஒரு நாள் முழுக்கக் கடையில் வைத்துப் பார்க்க வேண்டும், வாடிக்கையாளரின் சிம் கார்டோடு. சிம் வேறாக இருந்தால் கம்பெனி ஒத்துக்கொள்ளாது. ஒலியை அணைத்து, மேசையின் இழுப்பறையில், லாச்சியில், போட்டுப் பூட்டி, நேரம் முடியும்வரை தொடக்கூடாது. அந்த ஒரு நாளுக்கு மாற்றுப் போன் எல்லாம் கிடையாது.

அக்கா யோசித்தார். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

'இன்னிக்கி நாளைக்கிக் கூப்பிட்டாங்கன்னா?'

நான் சொன்னேன். சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்: 'எட்டு மாசமா கூப்பிடலக்கா. நாளைக்குன்னு பார்த்தா கூப்பிடப் போறாங்க? ஒரு நாள்தான். அப்புறம் நான் நின்னு மாத்தித் தரேன்.'

அக்கா சிரித்தார். 'நீ சொன்னா சரி தம்பி.'

என் கணக்கு: நாளைக்கு அந்தப் போனை கீழே கார் நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோய், கோடு விழுவதைப் படம் பிடித்து, ரவின் முகத்துக்கு நேரே நீட்டுவது. நியாயம் செய்யப் போகிறேன் என்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை. வீட்டுக்கு விசில் அடித்துக்கொண்டு வந்தேன்.


வியாழன், 12

வானிலை தெரியாது. பார்க்கவில்லை.

காலையிலிருந்து கூட்டம். கீழே போக நேரம் இல்லை. ரவினும் என் பக்கத்திலேயே நின்றான். இரண்டேகாலுக்கு அவன் சாப்பிடப் போனதும் லாச்சியைத் திறந்தேன்.

நாலு கோடு. இரண்டு மிஸ்டு கால். 10.42. 10.51. ஒரே நம்பர். கூலாய் நம்பர்.

நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து லாச்சி ஒரு முழம்கூட இல்லை.

என் போனிலிருந்து கூப்பிட்டேன். சென்டரில் ஒரு தாதி, மலாய்ப் பெண். தன்மையாகத்தான் பேசினாள். ஆமாம், காலையில் ஒரு இடம் வந்தது. முதல் பெயர் ஆஸ்பத்திரியில். இரண்டாவது பெயர் ஊர் மாறிப்போய்விட்டார். மூன்றாவது பெயருக்கு இரண்டு தடவை கூப்பிட்டாளாம். எடுக்கவில்லை. நாலாவது ஆள் எடுத்தார், அரை மணியில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்.

போன் கடையில் இருந்தது, தப்பு எங்களுடையது, அவர்களுடையது இல்லை என்றேன். இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவையும் சொன்னேன். அவள் சொன்னாள்: 'தம்பி, எடுக்காத எல்லாரிடமும் ஒரு காரணம் இருக்கும். நான் யாரைப் பார்ப்பேன்?' பெயர் பட்டியலின் கடைசிக்குப் போகுமாம். நீக்க மாட்டார்களாம். அது ஒரு ஆறுதல் என்று நினைத்துச் சொன்னாள்.

பணப்பெட்டியில் நிற்கும் ஃபாத்தின் கேட்டுக்கொண்டே இருந்தாள். 'அலமாக். கெசியான்லா' என்றாள், ஐயோ பாவம் என்று. பாவம்தான். யார் பாவம்?

அக்காவுக்குச் சொல்ல அவரைக் கூப்பிட வேண்டும். அவர் போன் என் கையில்.

இப்போது தோன்றுபவை. வரிசையில்லாமல்:
– கால் ஃபார்வர்ட். அவர் நம்பருக்கு வருவதை என் நம்பருக்குத் திருப்பிவிட்டிருக்கலாம். தினமும் பத்துப் பேருக்கு நான் சொல்லிக்கொடுப்பது. ஒரு நிமிட வேலை. தோன்றவே இல்லை.
– ஒலியை அணைக்காமல் விட்டிருக்கலாம். யார் கேட்டிருப்பார்கள்?
– 'நாளைக்குன்னு பார்த்தா கூப்பிடப் போறாங்க?'

மூன்று மணிக்கு ரவின் வந்தான். எல்லாவற்றையும் சொன்னேன்.  அவன் அந்தப் போனை எடுத்துத் திரையைப் பார்த்தான்.

'ரெண்டு கால் வந்திருக்கு.'

'ஆமா.'

'அப்ப லைன் இருக்கு.'

புரியவில்லை எனக்கு. பாரத்தை இழுத்து அவனே எழுதினான்: சோதனை நேரத்தில் இரண்டு அழைப்புகள் வந்தன. குறை காணப்படவில்லை. முத்திரையையும் அவனே குத்தினான்.

'ரவின், இது அந்த ஆளோட உயிருடா.'

'கத்தாத. நான் எழுதினது பொய்யா? சொல்லு, பொய்யா?'

பொய் இல்லை. அதுதான்.

ஆறு மணிக்கு அக்கா வந்தார். ஒரு பையில் நாலு வாழைப்பழம், எனக்கு. 'ரெடியா தம்பி?'

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. அக்கா போனை வாங்கி அந்த இரண்டு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

'கூப்பிட்டிருக்காங்க.'

'ஆமாக்கா.'

'ரெண்டு தடவ.'

அக்கா திரையை என் பக்கம் திருப்பினார்.

'நம்ம பேரு வந்திருக்கு பாரு. நான்கூட சும்மா பேச்சுக்குத்தான் மூணாவதுன்னு சொல்றாங்கன்னு நெனச்சேன்.'

திட்டுவார் என்று நின்றேன். கன்னத்தில் ஒன்று விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீடியோ எடுங்கக்கா, என் முகத்தை எடுங்க, நான் சொல்கிறேன் கேமராவைப் பார்த்து, என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், ரவினுக்குக் கேட்காமல். கோழை.

'அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. போட்டா மட்டும் அந்த எடம் திரும்பி வந்துருமா?' பாரத்தில் கையெழுத்துப் போட்டார். பெயரை ஒவ்வொரு எழுத்தாக. பிறகு சொன்னார்: 'அவருகிட்ட நான் இத சொல்ல மாட்டேன். தாங்க மாட்டாரு. நீயும் எங்கயாச்சும் பாத்தா சொல்லிடாத.'

பழத்தை வைத்துவிட்டுப் போனார். 


வெள்ளி, 13

வேலைக்குப் போனேன். பதினொரு பேர். பதினொரு முத்திரை.

பன்னிரண்டாவது ஆளிடம், ஒரு மலாய்ப் பெரியவர், கூரையைக் காட்டி, 'அங்கே ஒரு பெட்டி இருக்கிறது, இங்கே எல்லாப் போனும் வேலை செய்யும், வெளியே போய்ச் சோதிக்கச் சொல்லுங்கள்' என்றேன். ரவின் கேட்டுவிட்டான். திங்கட்கிழமை மேலிடத்துக்கு விளக்கக் கடிதம் தர வேண்டும்.

வாழைப்பழம் மேசைமேல் கறுத்துப்போய்க் கிடந்தது. ஃபாத்தின் தூக்கிப் போடப் போனாள். நான் விடவில்லை. நாலையும் தின்றேன்.


சனி, 14

லீவு. மேகம், மழை இல்லை. வீட்டில் என் பழைய போன் ஒன்று அலமாரியில் சும்மா கிடந்தது. பொத்தான் தேய்ந்தது, திரை ஓரம் கீறல். ஆனால் லைன் பிடிப்பதில் பேய். சார்ஜ் போட்டு, எடுத்துக்கொண்டு கூலாய்க்கு மோட்டாரில். விலாசம் பாரத்தில் பார்த்தது.

சாலை முனை பஸ் ஸ்டாப்பிலேயே அவரைக் கண்டுபிடித்தேன். நீலப் பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலிக் காலில் கட்டிய குடை. கால் வீங்கி, செருப்பு வாரை அறுத்துவிட்டிருந்தார். ஐம்பது வயதுதான் இருக்கும். புதுப் போன் வலது கையில், நெஞ்சுக்கு நேரே, கண்ணாடி பார்ப்பது மாதிரி. பின்னால் வரிசை வரிசையாகச் செம்பனை. லாரி போகும்போதெல்லாம் தூசி.

'போன் கடைலேருந்து வரேன் அங்கிள்.'

'ஓ, நீதானா. கமலா சொன்னா, நல்ல பிள்ளைன்னு. அவ ஓவர்டைம் வேலைக்குப் போயிருக்கா. உக்காருன்னு சொல்ல எடமில்ல, போ.' சிரித்தார். 'போன்ல ஒண்ணும் கோளாறு இல்லையாமே? ஆனா லைனு இங்கதான் வருது. இடது கைக்கு மாத்துனா அதுவும் போயிடுது. வலது கையிலயே புடிச்சிருக்கேன், மூத்திரம் போறதுன்னாகூட யோசிக்க வேண்டியிருக்கு.'

பழைய போனைக் காட்டினேன். இதை வைத்துக்கொள்ளுங்கள், சும்மாதான் கிடந்தது, என்றேன்.

'இலவசமா? ஏன்?'

'கடையில தராங்க அங்கிள்.' இதுவும் ஒரு பொய்.

சிம் கார்டை மாற்றினேன்.  மாற்றுவதற்கு முன்னால் அந்த இரண்டு வரி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அக்கா அழித்திருக்கிறார்.

நாற்காலியை நான் தூக்கிக்கொண்டேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். வீடு இருநூறு அடி தூரம் இருக்கும். வழியில் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். வாசல், முன்னறை, சமையல் கட்டு. எல்லா இடத்திலும் மூன்று கோடு. அவர் ஒவ்வோர் இடத்திலும் போனைத் தூக்கிப் பார்த்தார். சமையல் கட்டுச் சுவர் மூலையில்கூட இரண்டு.

'அட! அப்ப இனிமே உள்ளயே உக்காரலாமா?'

'உக்காரலாம் அங்கிள்.'

நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டேன். உட்கார்ந்து, காலை நீட்டி, பெருமூச்சு விட்டார். போனை மடியில் வைத்தார். பிறகு அதை எடுத்து மறுபடி என்னிடம் காட்டினார்.

'நான் மூணாவது பேரு தெரியுமா? எந்நேரமும் கூப்பிடலாம். இதுல கூப்பிட்டா கண்டிப்பா வரும்ல தம்பி?'

'வரும் அங்கிள்' என்றேன்.