வூட்டுக்குள் காலுறை

12.8.1973 ஞாயிறு

லீவு. கால் நகம் வெட்ட உட்கார்ந்தேன், பிளேடு இறங்கவில்லை. வலது கட்டைவிரல் நகம் மாட்டுக்கொம்பு மாதிரி தடித்து, மஞ்சளாகி, ஓரத்தில் மாவாக உதிர்கிறது. ஆலையில் நாளெல்லாம் கிழங்கு மாவு. இப்போது என் காலும் மாவு தயாரிக்கிறது. கண்ணம்மாளிடம் சொன்னேன். என் சம்சாரம் சிரிக்கவில்லை. "அந்த பூட்சைக் கழட்டுங்கன்னா கேக்கறீங்களா?" என்றாள்.

எப்படிக் கழட்டுவது? ஜவ்வரிசி ஆலையில் தொட்டியில் இறங்குகிற மற்ற ஆட்களெல்லாம் வெறுங்கால். மேஸ்திரிக்கு மட்டும்தான் ரப்பர் பூட்ஸ். எட்டாவது படித்ததற்கு அதியமான்கோட்டையில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது. உள்ளே தண்ணீர் புகுந்தால் புகட்டும். ஷிப்டு முடிந்தால்தான் ஆலையில் கழட்டி விடுவது, நடுவில் டீக்கடைக்கும் அதோடுதான் போகிறேன். தொட்டி ஆள் மாது கேட்கிறான், "மேஸ்திரி, படுக்கறப்பவாச்சும் கழட்டுவீங்களா?"

9.9.1973

அதே பிளேடால் இடது காலையும் வெட்டினேன். இப்போது அதுவும் மஞ்சள். மஞ்சள் அரைத்துப் பூசி, துணி சுற்றி, ஆலையில் அதற்கு மேலே பூட்ஸ் மாட்டினேன். வெளியில் தெரியவில்லை. அந்த மட்டும் லாபம்.

21.10.1973

வெள்ளிக்கிழமை இண்டூரிலிருந்து தீர்த்தம்மாளைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையன் மாரியப்பன், சொந்தக் கிணறும் கழனியும் உண்டு. என் மகள் அவனைத் தேர்த் திருவிழாவில் பார்த்திருக்கிறாளாம். பிடித்திருக்கிறது என்று அம்மாவிடம் மெதுவாகச் சொல்லியிருக்கிறாள்.

கண்ணம்மாளுக்கு என் கால்தான் கவலை. "இதோட சபையில உக்காந்தா பெருவியாதி, குஷ்டம்னு நெனச்சிருவாங்க."

யோசித்தேன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டு கடையில் வெள்ளைக் காலுறை ஒரு ஜோடி வாங்கி வந்தேன். சில நாள் என் மூளை இப்படிப் பளிச்சென்று வேலை செய்யும்.

26.10.1973 வெள்ளி

வந்தார்கள். எல்லோரும் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு பாயில் உட்கார்ந்தார்கள். நடுவில் நான். வேட்டி, அதற்குக் கீழே வெள்ளைக் காலுறை. பையனின் அம்மா ஜானகியம்மாள் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"காலுக்கு என்னங்க?"

"குளிருங்க" என்றேன்.

அந்தப் புழுக்கத்தில் எல்லோர் கையிலும் விசிறி. வேறு பொய்யா கிடைக்கவில்லை எனக்கு?

தீர்த்தா அழகாக இருந்தாள். சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். வைத்த கேசரி வைத்தபடி இருந்தது. தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

4.11.1973

சொல்லி அனுப்பவில்லை. என் தம்பி கோவிந்தன் இண்டூர் போய்க் கேட்டு வந்தான். சொல்லத் தயங்கினான். "சொல்லுடா" என்றேன். ஜானகியம்மாள் சொன்னது இதுதான்: "வூட்டுக்குள்ள காலுறை போட்ட ஆளு. விரல் இருக்குதோ கொட்டிப்போச்சோ. அந்த ரத்தத்துல பொண்ணு எடுக்க முடியுமா?"

எல்லா விரலும் இருக்குது தாயீ. காட்டியிருந்தா மஞ்ச நகம் மட்டும்தான் தெரிஞ்சிருக்கும். இல்லாத நோயை நானே காசு குடுத்து வாங்கி மாட்டிக்கிட்டு உக்காந்தேன் - முட்டாப்பய.

தீர்த்தா அந்தக் காலுறையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள்.

5.11.1973

அவள் இன்றும் சாப்பிடவில்லை.

12.11.1973

தர்மபுரியில் டாக்டரைப் பார்த்தேன். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் காலை அங்கங்கே தொட்டார். தொட்ட இடமெல்லாம் சரியாகச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் இத்தனை சரியாகப் பதில் சொன்னதில்லை. நகத்தைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

"பெருவியாதி இல்லை. பூஞ்சக்காளான். ஊறுகாய் மேல பூக்குமே, அந்த மாதிரி."

"வெறுங்காலோட நிக்கறவனுக்கெல்லாம் வரலீங்களே. பூட்ஸ் போட்ட எனக்கு எப்படிங்க?"

"அவங்க கரையேறினா கால் காஞ்சிரும். உங்க கால் பூட்சுக்குள்ள நாள் பூரா ஊறுது. ஈரமும் சூடும் இருந்தா அதுக்குப் போதும். அந்த பூட்சை வேற யாராச்சும் போடறாங்களா?"

அடுத்த ஷிப்டு மேஸ்திரி சவுரியப்பன் போடுகிறான். என் காலிலிருந்து உருவி, ஈரத்தோடு அவன் காலில். அவன் காலையும் பார்க்கச் சொன்னார். பூட்சைக் காயவைத்துத்தான் போடணுமாம், ஒருவர் போட்டதை இன்னொருவர் போடக்கூடாதாம். கழுவினால் விரலிடுக்கையும் துடைக்கணும். கெட்ட நகத்தை வெட்டின பிளேடு நல்ல நகத்தில் படக்கூடாது. இதை யாராவது செப்டம்பரில் சொல்லியிருக்கலாம். மாத்திரை மாதக்கணக்கில், எண்ணெய்ப் பசையுள்ள சாப்பாட்டோடு. புது நகம் முழுதாக வர வருஷத்துக்கு மேல் ஆகுமாம்.

"பெருவியாதி இல்லைன்னு ஒரு சீட்டு தர்றீங்களா?" என்றேன்.

"தர்றேன். ஆனா அதைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போனா, இந்தாளுக்கு எதுக்கு இந்தச் சீட்டுன்னு கேப்பாங்களே" என்றார்.

வாங்காமலே வந்தேன்.

3.3.1974

மாரியப்பனுக்குக் கல்யாணமாம். பாலக்கோட்டுப் பெண்.

சவுரியப்பன் நகமும் மஞ்சள்தான். ஆளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் கேட்டோம். முதலாளி சிரித்தார். நான் வெறுங்காலோடு இறங்குகிறேன், ஏறினதும் துடைத்துக்கொள்கிறேன். "எங்க கூட்டத்துல சேந்துட்டீங்க" என்கிறான் மாது.

18.5.1975

கடைசி மஞ்சளையும் வெட்டி எறிந்தேன். நகம் குழந்தை நகம் மாதிரி இருக்கிறது. தீர்த்தாவிடம் காட்டினேன். "நல்லா இருக்குதுப்பா" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அவளுக்குப் பேச்சோடு நின்ற வரன்கள்தான் இந்த ஒன்றரை வருஷமும். காலுறைக் கதை முந்திக்கொண்டது, வாசல்வரை யாரும் வரவில்லை.

24.8.1975

காரிமங்கலத்து இடம். மனைவி செத்துப்போனவர், கைக்குழந்தை இருக்கிறது. அவர்கள் தரப்பில் கேட்டது ஒன்றே ஒன்று: "தாரை வாக்க மட்டும் பொண்ணோட சித்தப்பா நிக்கட்டுங்க."

நான் இரண்டு காலையும் பாயில் நீட்டிக் காட்டினேன்.

"எங்களுக்கு நம்பிக்கைதாங்க. சபைக்குத்தான்."

"இந்த இடம் வேணாம்ப்பா" என்று தீர்த்தா உள்ளேயிருந்து சத்தமாகவே சொன்னாள். நான்தான் சரி என்றேன். வேறு யார் வரப்போகிறார்கள்?

12.9.1975 வெள்ளி

கல்யாணம் முடிந்தது. கோவிந்தனும் அவன் சம்சாரமும் மாப்பிள்ளை காலைக் கழுவித் தாரை வார்த்தார்களாம். நான் பந்தல் வாசலில் செருப்புக்குக் காவல். நானாகக் கேட்டு வாங்கிய உத்தியோகம். மேளம் உச்சத்துக்குப் போனது, தாலி ஏறிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

சாப்பிட்டு வெளியே வந்தவர்களில் ஜானகியம்மாளும் இருந்தார். மாப்பிள்ளை வீட்டுக்குத் தூரத்து உறவாம். என் வெறுங்காலையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"விரலெல்லாம் நல்லாத்தானே இருக்குதுங்க" என்றார்.

"ஆமாங்க" என்றேன். அவர் செருப்பைத் தேடி எடுத்து முன்னால் வைத்தேன்.