கூலரைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்

என்னங்க,

சாயங்காலம் கூலர் கடைச் சுருளி வருவார். கூலரைக் கொடுத்துவிடாதீர்கள். காபி கொடுத்து அனுப்புங்கள்.

"நீ தேர்ந்தெடுத்த லட்சணம்" என்று ராத்திரி சொன்னீர்களே, அந்தக் கோபத்தோடுதான் காலையில் கடைக்குப் போனேன். "ஒரே புழுக்கம், எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன். ஏ.சி. தியேட்டர் மாதிரி எல்லா ஜன்னலையும் சாத்தியிருந்தோம் என்றதும் சுருளி சிரித்துவிட்டார்.

"அம்புட்டையும் சாத்திட்டு ஈரக்காத்த விட்டா இட்லிதான்க்கா வேகும்! திறந்த சன்னல் பக்கத்துல வைங்க. எதுத்த கதவும் திறந்திருக்கட்டும். அப்பவும் புழுங்குனா சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன்."

மத்தியானம் அப்படியே வைத்தேன். பாப்பா வேர்க்குருவைச் சொறியாமல் இரண்டு மணி நேரம் தூங்கினாள். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கத்திரியில் பத்து இருபது ராத்திரிக்கு இது போதும். ஏ.சி. பேச்சை விடுங்கள்.

பாப்பாவோடு வாடிப்பட்டியில் தம்பி வீட்டுக்குப் போகிறேன். எட்டு மணிக்குள் வந்துவிடுவோம். சோறும் ரசமும் மூடி வைத்திருக்கிறேன்.

பாண்டியம்மாள்

கூலரில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது.

இன்னொன்று. ஜன்னலைச் சாத்தியது நீங்கள்தான் என்று கடையில் சொல்லிவிட்டேன். சாத்தியது நான். சுருளி கேலி செய்தால் காட்டிக்கொடுக்காமல் சிரித்து வையுங்கள்.