கிணற்றோடு இருக்கும் வயல்

மே 9

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

"இந்த முட்டைக்கோஸ் எங்க அப்பா நட்டது" என்று நேற்று, பயிர் நஷ்ட நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்த அதிகாரியிடம் நான் சொல்லவில்லை. ஊரடங்கில் சந்தை மூடி, லாரி வராமல், கிழக்கு வயல் முழுக்க அழுகி நாறிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் மூக்கைப் பொத்தியபடி நின்று, "எல்லாம் என் உழைப்பு சார்" என்றீர்கள். உங்கள் செருப்பில் மண்கூட ஒட்டவில்லை.

"அப்ப உங்க தம்பிக்கு எது?" என்று அவர் கேட்டார். "மேற்கு வயல் சார், கிணத்தோட இருக்கே, அது. அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்ல." அவர் அப்படியே எழுதிக்கொண்டார். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். அப்பா வாயைத் திறந்தார். நான்தான் அவர் கையை அழுத்திப் பிடித்தேன். நாலு பேர் முன்னால் உங்களைத் தலைகுனிய வைக்க வேண்டாமே.

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். நிவாரணம் வந்ததும் அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள். மறுபடி நட வேண்டும். பெரியம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

உங்கள் ஊமைக்குட்டி

ஜூன் 1

ஊமைக்குட்டிக்கு,

பரவாயில்லையே, உனக்குப் பேசவும் வருது! நிவாரணப் பணம் வந்துச்சு, என் உரக்கடைக்குச் சரக்கு இறக்கிட்டேன். உங்கப்பன் கையில கொடுத்தா ஓட்டைப் பானையில ஊத்தின மாதிரி. அன்னைக்கு நீ வாயைத் திறக்காம இருந்தே பாரு, அதுதான் புத்தி. அப்படியே இரு. தண்ணி கேட்டு ஆள் அனுப்ப வேண்டாம்னு சொல்லு. மோட்டார் ரிப்பேர்.

பெரியப்பா

ஜூன் 6

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

எங்கள் முறை வரும்போது மட்டும் கெட்டுப்போகும் அந்த மோட்டாரைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வருகிறேன். அதற்கு எங்கள்மேல் அப்படி என்ன கோபமோ. நீங்கள் 'என் உழைப்பு' என்ற முட்டைக்கோஸுக்கு அப்பா குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார்.

நிலம் இன்னும் தாத்தா பேரில்தான் இருக்கிறது. கிழக்கு அப்பாவுக்கு, கிணற்றோடு மேற்கு உங்களுக்கு என்று நீங்கள் இருவரும் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டதோடு சரி. நீங்கள் அதிகாரியிடம் சொன்னபடியே பேர் மாற்றித் தரும்படி அப்பா தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்திருக்கிறார். எழுதியது நான். கிழக்கு உங்களுக்கு, கிணற்றோடு மேற்கு அப்பாவுக்கு. நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.

உங்கள் ஊமைக்குட்டி

ஜூன் 20

அம்மாடி,

ஆபீசுல கூப்பிட்டு விட்டாங்க. "கிழக்கு உங்களுதா, இல்லையா?"ங்கறான். இல்லைன்னா நிவாரணத்தைத் திருப்பிக் கட்டணும், பொய் சொன்னதுக்குக் கேஸும் வருமாம். ஆமான்னா கிணறு போகுது. தண்ணி இல்லாத வயலை வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்ணுவேன்? பெரியப்பா வாய் தவறிச் சொல்லிட்டார்னு நீ வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பணம் முழுசையும் கொடுத்துடறேன். நீ என் தோள்ல வளர்ந்த பிள்ளை.

பெரியப்பா

ஜூலை 15

பெரியப்பாவுக்கு,

அன்று அப்பாவின் கையைப் பிடித்தது உங்கள் மானத்தைக் காப்பாற்ற என்று எழுதியிருந்தேன். அது பொய். 'கிணத்தோட' என்று நீங்கள் சொன்னது காதில் விழுந்ததும், கையெழுத்துப் போட்டு முடிக்கட்டும் என்றுதான் பிடித்தேன். அழுகல் நாற்றத்தில் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். எனக்குச் சிரிப்பை அடக்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அண்ணன் பாவம்மா" என்றார் அப்பா. அவருக்கு இரக்கம் வருகிறது. எனக்கும் வருமா என்று இத்தனை நாள் காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நான் வரவில்லை. வாயைத் திறக்காமல் அப்படியே இரு என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? பணம் உங்களிடமே இருக்கட்டும்.

கிழக்கு வயலுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் ஆள் அனுப்புங்கள். மோட்டார் எப்படி இருக்கிறதென்று பார்த்துச் சொல்கிறோம்.

போன வாரம் நீங்கள் ஆபீசில் "ஆமா சார், கிழக்குதான் என்னுது" என்று சொல்லிவிட்டுப் போன மறுநாள், அப்பா மேற்கு வயலில் நாற்று நட்டார். மோட்டார் நாள் முழுக்க ஓடியது.

உங்கள் தம்பி மகள்