நாற்பது நிமிட மோட்டார்

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

நான் குணாளன், பிச்சைமுத்துவின் மகன். வயது ஐம்பது. வசிப்பது டத்தோ கிராமாட். பாயான் லெப்பாஸில் சிறு மின்மோட்டார்கள் செய்யும் தொழிற்சாலையொன்றில் தர ஆவணங்களுக்குப் பொறுப்பாளன். என் கையொப்பமின்றி ஒரு பெட்டியும் வாசலைத் தாண்டாது. அலுவலகப் படிவங்களில் இடமில்லாதவற்றை எழுதி வைப்பதே இக்குறிப்பேட்டின் நோக்கம். இருபத்திரண்டு ஆண்டு வேலையில் அப்படிப் பெரிதாக ஒன்றும் சேரவில்லை என்பதையும் முதலிலேயே பதிவு செய்கிறேன்.

இன்று வந்த ஆர்டர்: வேளாண் டிரோன்களுக்கான மோட்டார், ஆறாயிரம். ஜூலையில் இருநூறு மாதிரிகள் கேட்டிருந்த அதே வெளிநாட்டு வணிகர். மாதிரிகளுக்கு நான் ஒப்புதல் அளித்த விலக்குப் படிவம் இதற்கும் வேண்டுமாம். அதாவது, வழக்கமான முந்நூறு மணி நேர ஆயுள் சோதனை வேண்டாம். நாற்பது நிமிடம் ஓடினால் போதும். காரணம்: அவசரம். வாடிக்கையாளர் எழுத்தில் கேட்டால் சோதனையைக் குறைக்க விதி இடம் தருகிறது. படிவத்தில் ஒரு கட்டமும் காலியில்லை. இவ்வளவு ஒழுங்காக நிரப்பப்பட்ட படிவத்தைப் பார்த்து நாளாயிற்று. அடுத்த திங்களன்று கையொப்பமிடுவேன்.

6 ஆகஸ்ட், புதன்

சோதனை அறைப் பொறுப்பாளர் ரோஹானா தேநீர் வேளையில் கேட்டார்: "சார், என் வீட்டு பிளெண்டரே பதினோரு வருஷமா ஓடுது. இவங்களுக்கு நாப்பது நிமிஷம் போதுமாம். மருந்து அடிச்சிட்டு மோட்டார வயல்லயே வீசிட்டுப் போயிருவாங்களோ?"

வாடிக்கையாளரின் விருப்பம் என்று முறையாக விடையளித்தேன்.

7 ஆகஸ்ட், வியாழன்

மழை. ஜெலுத்தோங் விரைவுச்சாலையில் நெரிசல். வேறொன்றுமில்லை.

9 ஆகஸ்ட், சனி

இரவு உணவின்போது செய்தி. போரில் இருக்கும் நாடொன்றில் படைக்கு ஆள் திரட்டும் வயது வரம்பை ஐம்பதாக உயர்த்தியிருக்கிறார்கள். தொடருந்து நிலையத்தில் பைகளோடு ஆண்கள். ஒருவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கையிலிருந்த ஆணையை இரண்டு முறை படித்தார். முதல் முறை படித்ததில் ஏதேனும் விடுபட்டிருக்கும் என்று நினைப்பவர் போல. நானும் அப்படித்தான் படிப்பேன்.

பிறகு என் மனைவி தனுஜா தன் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினாள். வெட்டவெளி. சீருடையில் ஒரே ஒரு மனிதர், இளைஞர் அல்லர். மேலிருந்து அவரை ஒரு டிரோன் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் கண் வழியாகத்தான் நாமும் பார்க்கிறோம். அவர் ஒரு மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார். பிறகு நின்றார். ஒரு கையை உயர்த்தி, வேண்டாம் என்பதுபோல் அசைத்தார். திரை சாம்பல் நிறமாயிற்று.

"அப்புறம் அது எங்க போச்சு?" என்றாள் தனுஜா.

"அது திரும்பி வராது. மோதுறதுக்குன்னே செஞ்சது. ஒரே ஒரு தடவைதான் பறக்கும்" என்று விளக்கினேன்.

சொல்லி முடித்ததும் என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

10 ஆகஸ்ட், ஞாயிறு

மருந்து தெளிக்கும் டிரோன் தினமும் பறந்து தினமும் திரும்ப வேண்டும். அதன் மோட்டாருக்கு ஆயுள் வேண்டும். ஆயுளே வேண்டாத மோட்டார் எதற்கு?

போர் என்றால் எல்லை, படைப்பிரிவு, பீரங்கி என்று பள்ளியில் படித்தவன் நான். ஆயுதம் செய்யும் இடத்துக்கு உயர்ந்த மதிலும் காவலும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். எங்கள் தொழிற்சாலை வாசலில் நாசி லெமாக் சோறு விற்கும் வண்டி நிற்கிறது.

இருநூறு மாதிரிகள் ஜூலை 21 அன்றே வெளியேறிவிட்டன. மாதிரி பிடித்துப்போனதால்தானே ஆறாயிரம் கேட்கிறார்கள்? அப்படியானால் அவை பறந்தாயிற்று. டிரோன் ஒன்றுக்கு நான்கு மோட்டார். ஐம்பது டிரோன். ஐம்பது பேர் — அல்லது எத்தனை பேரோ.

படிவம் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேனா? பாக்கலையே. கையெழுத்துப் போட்டது நான்தானே, வேற யாரு?

என்ன ஆயிற்று என்று தனுஜா இரண்டு முறை கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன். பொய்.

11 ஆகஸ்ட், திங்கள்

கையொப்பமிடவில்லை. வணிகருக்கு இரண்டு கேள்விகள் மட்டும் அனுப்பினேன்: டிரோன்கள் பறக்கப்போகும் பண்ணைகளின் பெயர் என்ன? ஆயுள் சோதனை ஏன் வேண்டாம்?

விற்பனைப் பிரிவுத் தலைவர் தனேஷ் பத்து நிமிடத்தில் என் மேசைக்கு வந்துவிட்டார்.

"என்னாண்ணே இது? ஆறாயிரம் பீஸ்லா. ஃபார்ம்ல ஒரு கட்டம் காலியா இருந்தாலே திருப்பி அனுப்புவீங்க. இப்ப எல்லாமே ஃபுல்லா இருக்கு, அதுக்கும் கேள்வியா?"

"பண்ணையின் பெயர் இல்லை."

"அந்தக் கட்டமே ஃபார்ம்ல இல்லண்ணே. ஃபார்ம் செஞ்சதே நீங்கதானே."

உண்மை. அந்தப் படிவத்தை 2011-இல் வடிவமைத்தவன் நான்.

"நியூஸ் பாத்துட்டு வந்தீங்களா?" என்றார்.

"ஆம்" என்றேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை.

12 ஆகஸ்ட், செவ்வாய்

மாதிரிகள் எந்த நாட்டில் இறங்கின என்றாவது தெரிய வேண்டும். எங்கள் சரக்கு அனுப்பும் முகவர் சாஹித்தை அழைத்தேன். பட்டர்வொர்த் பக்கம் பாகான் டாலாமில் அவருக்குக் கிடங்கு. தாமதத்துக்காக மூன்றாண்டுகளில் அவருக்குப் பதினொரு எச்சரிக்கைக் கடிதங்கள் எழுதியிருக்கிறேன்.

இருநூறு மோட்டார் என்றதும் மறுமுனையில் தாள்களைப் புரட்டும் ஓசை. பிறகு:

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அது இன்னும் போகல."

"என்ன?"

"உள்ள காந்தம் இருக்குல்ல. காந்த டெஸ்ட் சர்டிபிகேட் இல்லாம விமானத்துல ஏத்த மாட்டோம்னுட்டாங்க. நானும் டெஸ்டுக்குக் குடுத்தேன், அதோட மறந்தே போச்சு. ரெண்டு பெட்டியும் என் ஸ்டோர்லதான் கிடக்கு."

நாட்காட்டியில் ஜூலை 21-ஐத் தேடினேன்.

"அண்ணே? லைன்ல இருக்கீங்களா? திட்டிருங்கண்ணே. இப்படிச் சும்மா இருந்தா பயமா இருக்குலா."

கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டு முகம் கழுவினேன். நெடுநேரம் கழுவினேன்.

13 ஆகஸ்ட், புதன்

மாதிரியைக் கண்ணால் பார்க்காமலே ஆறாயிரம் கேட்டிருக்கிறார்கள்; அவ்வளவு அவசரம். அரை நாள் விடுப்பு. பெர்ரிப் படகில் பட்டர்வொர்த் சென்று, பெட்டிகளைத் திறந்து, ஒவ்வொரு மோட்டாரின் தொடர் எண்ணையும் பட்டியலோடு ஒப்பிட்டேன். நூற்றுத் தொண்ணூற்றாறு.

மீண்டும் எண்ணினேன். நூற்றுத் தொண்ணூற்றாறு.

"நாலு பீஸ் லேப்காரன் டெஸ்டுக்கு எடுத்தான். அங்கதான் இருக்கும்" என்றார் சாஹித். இரண்டு பெட்டிகளையும் தொழிற்சாலைக்கே திருப்பி அனுப்பச் சொன்னேன்.

14 ஆகஸ்ட், வியாழன்

நான்கையும் ஜூலை 29 அன்றே திருப்பித் தந்துவிட்டதாகச் சோதனைக்கூடம் சொல்கிறது. பெற்றுக்கொண்டவர் சாஹித். அவருக்கு நினைவில்லை. வணிகரின் ஆள் எவரேனும் வந்து வாங்கிப்போயிருந்தால்? அதுவும் நினைவில்லையாம்.

நூற்றுத் தொண்ணூற்றாறு கிடைத்ததற்கு மகிழ வேண்டும். ஆனால் நான்கு மோட்டார் என்றால் முழுதாக ஒரு டிரோன்.

15 ஆகஸ்ட், வெள்ளி

தனுஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த மரத்தைச் சுத்தி ஓடினவரா?" என்று மட்டும் கேட்டாள்.

16 ஆகஸ்ட், சனி

மாலை ஐந்து மணிக்கு வீட்டு வாசலில் சாஹித். கையில் நாசி கண்டார் சோற்றுக் கடையின் பிளாஸ்டிக் பை.

"அண்ணே, இன்னிக்கிக் காடி டயர் பஞ்சர். மாத்தலாம்னு பின்னால ஸ்பேர் டயரத் தூக்கினா, அடியில இது."

பையைக் கூடத்து மேசைமேல் கவிழ்த்தேன். நான்கு மோட்டார்கள். பட்டியலை எடுத்து வந்தேன். முதல் எண் சரி. இரண்டாவது சரி. மூன்றாவதன் எண்ணில் கறி எண்ணெய். துடைத்துப் பார்த்தேன், சரி. நான்காவதும் சரி.

"அவரு இப்படித்தான் தம்பி. டீ ஆறுது, நீங்க குடிங்க" என்றாள் தனுஜா.

"பரவால்லக்கா. அண்ணே, இந்த நாலு மோட்டாருல அப்படி என்னதான் இருக்கு?"

சொன்னேன். தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டார். "பஞ்சர் ஆனது நல்லதாப் போச்சு" என்றார். என் ஒழுங்கு அனுப்பிவைத்ததை அவருடைய மறதி தடுத்திருக்கிறது. இதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

அவர் போனபின் தனுஜா தோசை வார்த்தாள். ஆறு தின்றேன்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

ஒன்பது மணிவரை தூக்கம். திருமணமான நாள்முதல் இப்படித் தூங்கியதில்லை என்கிறாள் தனுஜா.

18 ஆகஸ்ட், திங்கள்

வணிகரிடமிருந்து ஒரே வரி: ஆறாயிரத்தையும் திரும்பப் பெறுகிறார்கள். இரண்டு கேள்விக்கும் பதில் இல்லை. தனேஷ் அக்கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு நின்றார். "பண்ணை பேரு ஒண்ணு சும்மாவாவது எழுதியிருக்கலாம். அதுகூட எழுதலயேண்ணே" என்றார். அதன்பின் அவர் என்னோடு வாதாடவில்லை.

மேலாளரிடம் முழுவதையும் தெரிவித்தேன். பெட்டிகள் திரும்பிவிட்டன, ஆர்டரும் இல்லை, யாருக்கும் தீங்கில்லை, அறிக்கை எதற்கு என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஐம்பது வயதில் பெயரைக் கெடுத்துக்கொள்ளாதே என்பது அதன் பொருள்.

நான் தப்பித்தேன். அதில் ஐயமில்லை. நெஞ்சு இலேசாக இருக்கிறது. ஆனால் அந்த வணிகர் இந்நேரம் வேறொரு தொழிற்சாலைக்கு எழுதிக்கொண்டிருப்பார். அங்கும் என்னைப்போல் ஒருவன், காலிக் கட்டம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு முன்பே தெரிய வேண்டும். தெரிவிப்பதென்றால் மாதிரிகளுக்கான விலக்குப் படிவத்தையும் இணைத்தாக வேண்டும். அதன் அடியில் இருப்பது என் கையொப்பம்.

நாளை காலை எட்டு மணிக்குத் தவறு அறிக்கையொன்றைத் திறப்பேன். தவறியவர் என்ற கட்டத்தில் குணாளன் என்று எழுதுவேன். அதன் ஒரு படியை, வணிகரின் கடிதங்களோடு சேர்த்து, அமைச்சின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் நானே அனுப்புவேன்.