பந்தியில் வந்த விக்கல்

1974, ஆவணி, வெள்ளி இரவு.

தி.நகரில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் பாடினேன். முதல் படத்தில் குடிகாரி வேஷக்காரிக்காக விக்கி விக்கிப் பின்னணி பாடினேனே, அந்தப் பாட்டில்தான் முடிக்க வேண்டும் என்று பெண்ணின் அப்பா முன்பே சொல்லிவிட்டார். முடித்தேன். அதற்குப் பிறகு வந்த படங்களிலும் இசைத்தட்டுகளிலும் எனக்கு விக்கல் பாட்டுதான் கொடுத்தார்கள். ஒரு தாலாட்டு கேட்டேன், தரவில்லை.

பிறகு பந்தியில் உட்கார்ந்தோம். ரசத்து மிளகு தொண்டையில் ஏறி நிஜமாகவே விக்கல் எடுத்தது. எதிர்ப் பந்தி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. மறுபடி விக்கினேன். கை தட்டினார்கள்! மூச்சு முட்டிக் கண்ணில் நீர் வழிகிறது. தண்ணீர் ஊற்ற வந்தவர்கூடச் செம்போடு நின்று ரசிக்கிறார்.

"இங்கேயும் ஆரம்பிச்சுட்டேளா மாமி? பேஷ்!" என்றார் பெண்ணின் அப்பா.

பக்கத்தில் இருந்த என் கணவரைப் பார்த்தேன். விக்கினால் தலையில் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று இவருக்குத் தெரியாதா? இவரும் தட்டினார். இலை ஓரத்தில், தாளம்.

இவர் டம்ளரையே பிடுங்கிக் குடித்தேன். விக்கல் நின்றது. கைதட்டல் நிற்கவில்லை. என்ன செய்வது, எச்சில் கையோடு எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டேன். கும்பிட்டுத் தொலைத்தேனே!

காரில் இவர் சொன்னார்: "நாளைக்கு ரிகார்டிங்ல இதையே எடுத்துடு. இன்னிக்குத்தான் அசல் மாதிரி இருந்தது."

இப்போது மறுபடியும் வருகிறது. இவர் விழித்துக்கொள்ளக் கூடாதென்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு எழுதுகிறேன்.