முனீஸ் படத்துக்கு மாலை போட்டாயிற்று

திருப்பூர்

அன்பு மகள் ஜோதிகாவுக்கு, நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க அய்யனாரைக் கும்பிட்டு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசலாம் என்றால் உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், அதனால் மஸ்கட் வரும் கியாசுதீன் பாயிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். நிறைமாதத்தில் விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் தடுத்ததால் தம்பி முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லை என்று இன்னும் அழுகிறாயாம், மாப்பிள்ளை சொன்னார். வந்திருந்தாலும் பார்த்திருக்க முடியாது தாயி. வந்து சேர நாளாகிவிட்டது, பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று கூட வந்த பட்டாளத்து ஆபீசர் சொல்லிவிட்டார்.

அதுதான் வினையாகப் போயிற்று. அப்பா தைத்த பனியனைத்தான் கடைசி நேரத்திலும் போட்டிருந்தான் என்று அந்த ஆபீசர் ஆறுதலுக்குச் சொல்ல, உன் அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். அவன் லீவு முடிந்து போகும்போதெல்லாம் ஏற்றுமதியில் கழித்த துணியில் ஒரு கட்டு பனியன் தைத்துக் கொடுப்பேன், கூட இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் பங்கு வைத்துவிடுவான், உனக்கும் தெரியும். “அந்தப் பனியனத்தான் அத்தன பேருக்கும் குடுத்து வச்சிருக்கானே, அப்ப பெட்டிக்குள்ள வந்தது யாரு பெத்த பிள்ளையோ” என்று கேட்டாள். படத்துக்கு மாலை போட விடவில்லை, பதினாறாம் நாள் காரியத்தையும் நடத்த விடவில்லை. அவன் நம்பருக்கு ரீசார்ஜ் செய்யச் சொல்லிக் கடைக்கு விரட்டினாள், நானும் செய்தேன். வீட்டுக்காரர் பொங்கியண்ணன் வந்து, “வீரனப் பெத்தவங்க நீங்க, அழுவக் கூடாதுங்க” என்றார். அவள் எங்கே அழுதாள், அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை ராபின் வந்தான். தம்பியோடு ஒரே படையில் இருந்தவன், நாசரேத்துப் பக்கத்துப் பையன். தெருமுனை பிளக்ஸில் சிங்கம் போலப் போரிட்டான் என்று போட்டிருக்கிறார்கள். ராபின் சொன்னது வேறு. மேலே காவலில் நின்றவர்களுக்கு உன் தம்பி சாப்பாடு சுமந்துகொண்டு மலை ஏறியிருக்கிறான், பாதி வழியில் குண்டு விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு அது குறைவாகப் படவில்லை. அம்மா பனியன் கதையை எடுத்தாள். அவன், “பனியனப் பாத்துச் சொல்லலம்மா, மொகத்தப் பாத்தேன், கண்ண மூடிவிட்டதே நான்தான்” என்றான். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள், “அவன் சாப்ட்டானாப்பா?” இல்லை என்றான் ராபின். மேலே போய் எல்லாரோடும் சேர்ந்து சாப்பிடலாம் என்று கிளம்பியிருக்கிறான்.

அம்மா எழுந்து போய் உலை வைத்தாள், கருவாட்டுக் குழம்பு வைத்தாள். ராபினை உட்கார வைத்து, போதும் போதும் என்றாலும் கேட்காமல் அள்ளி அள்ளிப் போட்டாள். போட்டுக்கொண்டிருக்கும்போதே முனீசு என்று கத்தி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பையனும் சோற்றுக் கையோடு அழுதான். நான் யாரையும் தடுக்கவில்லை. மறுநாள் காலையில் அவளே போய் மாலை வாங்கி வந்து போட்டாள்.

போன் செய்யும்போது தைரியமாக இரு என்று அவளிடம் சொல்லாதே, அதைச் சொல்ல ஊரே இருக்கிறது. அவளோடு சேர்ந்து நீயும் அழு. குலசாமி துணையிருக்கும், நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து வா. மாப்பிள்ளை வேலை முடிந்து வரட்டும், சேர்ந்து சாப்பிடலாம் என்று மட்டும் காத்திருக்காதே தாயி. பசித்தால் உடனே சாப்பிட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
வீரணன்